கம்பைல் ஆகிவிட்டது, சரி, போர்ட் ஆகிவிட்டதா?

ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட ஒரு சின்ன லைப்ரரியை லினக்ஸுக்குக் கொண்டுவர (இதைத்தான் போர்ட் செய்வது என்பார்கள்) ஒரு சனிக்கிழமை போதும் என்று ஒருமுறை நினைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கம்பைல் ஆகிவிட்டது, டெஸ்ட்டுகளும் ஓடின. நண்பரின் மடிக்கணினியில் போட்டதும் முதல் அழைப்பிலேயே விழுந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போனது. அது என்ன என்பதைப் படி 3-ல் சொல்கிறேன்.

சிஸ்டம் லைப்ரரி என்பது, தன் சொந்த இயங்குதளம் கேட்காமலே செய்து கொடுக்கும் பல காரியங்களை நம்பி எழுதப்பட்டது. அந்த நம்பிக்கைகளில் பாதி கோடில் (நிரலில்) எங்கும் எழுதியிருக்காது. உரிமமும் அப்படித்தான். சொந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு வரி, பக்கத்து ஊருக்குப் போனதும் பஞ்சாயத்துக்கு வந்துவிடும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: லிப்ரெஎஸ்எஸ்எல். இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரியிலிருந்து கிளைத்தது இது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்ததும், ஓப்பன்பிஎஸ்டி குழு ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மூலநிரலைத் தனியாகப் பிரித்தெடுத்து, முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரிகளை வெட்டித் தள்ளியது. அதே ஆண்டு ஜூலை 11 அன்று லினக்ஸ், மேக் போன்றவற்றுக்கான போர்ட்டபிள் பதிப்பு 2.0.0 வந்தது. போர்ட் செய்வதில் என்னென்ன தப்பு நடக்கலாம், அதை எப்படிச் சரிசெய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 1: முதலில் உரிமம், அப்புறம்தான் கோடு

ரெப்போவின் வாசலில் இருக்கும் உரிமக் கோப்பை மட்டும் படித்துவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு மூலக்கோப்பின் தலையிலும் இருக்கும் குறிப்பைப் படியுங்கள். பழைய சிஸ்டம் லைப்ரரிகளில் ஒரே அடைவுக்குள் நான்கு உரிமங்கள் இருப்பது சாதாரணம். ஒரு தாளில் கோப்பின் பெயர், உரிமையாளர், உரிமம் என்று மூன்று பத்தி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், அரை நாள் ஆகும். ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் பின்னால் மாதக்கணக்கில் அனுபவித்திருக்கிறார்கள்.

ஐஎஸ்சி, எம்ஐடி, இரண்டு அல்லது மூன்று விதிகள் கொண்ட பிஎஸ்டி என்றால் கவலை குறைவு. பெயரையும் உரிமக் குறிப்பையும் அழிக்காமல் கூடவே எடுத்துச் சென்றால் போதும். நான்கு விதி பிஎஸ்டி என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். விளம்பரங்களில் எங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற விதி அதில் இருக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகம் தன் கோடுக்கு அந்த விதியை 1999 ஜூலையில் கைவிட்டுவிட்டது. ஆனால் அந்த உரிம வாசகத்தைப் பார்த்து எழுதிக்கொண்ட மற்றவர்களின் கோப்புகளுக்கு அந்தத் தளர்வு பொருந்தாது.

உரிமத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இசட்எஃப்எஸ் கதை. அது லைப்ரரி அல்ல, கோப்பு முறைமை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-ல் அதை ஓப்பன்சோலாரிஸோடு சேர்த்து சிடிடிஎல் உரிமத்தில் வெளியிட்டது. சிடிடிஎல்லும், லினக்ஸின் உரிமமான ஜிபிஎல்லும் பகிர்ந்துகொள்ளச் சொல்லும் உரிமங்களே. சிக்கலும் அங்கேதான். சிடிடிஎல் தன் கோப்புகள் சிடிடிஎல்லிலேயே இருக்க வேண்டும் என்கிறது, ஜிபிஎல் இரண்டாம் பதிப்போ மொத்தப் படைப்பும் தன் கீழ் வர வேண்டும் என்கிறது. இரண்டு மாமியார் இருக்கும் வீடு.

ஃப்ரீபிஎஸ்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பிஎஸ்டி உரிமம் என்பதால், சிடிடிஎல் கோப்புகளைத் தனி அடைவில் ஒதுக்கிவைத்து, 2008-ல் வந்த 7.0 பதிப்பிலேயே இசட்எஃப்எஸ்ஸைக் கொடுத்துவிட்டது. லினக்ஸில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தார் சோலாரிஸ் அழைப்புகளை லினக்ஸ் அழைப்புகளாக மாற்றித்தரும் இடைப்படலம் ஒன்றை எழுதி, தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்த்தார்கள். உரிமச் சிக்கல் தீரவில்லை; கர்னலுக்கு வெளியே தனி மாட்யூலாகத்தான் இன்றுவரை இருக்கிறது. 2016-ல் உபுண்டு 16.04 அந்த மாட்யூலைக் கம்பைல் செய்தே வழங்கியபோது, அது ஜிபிஎல் மீறல் என்று சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு அறிவித்தது. வேறு வழக்கறிஞர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள்.

2019-ல் வந்த லினக்ஸ் 5.0-ல், மிதவைப் புள்ளிப் பதிவேடுகளைப் பயன்படுத்த உதவும் கர்னல் அழைப்பு ஜிபிஎல் அல்லாத மாட்யூல்களுக்கு மூடப்பட்டது. இசட்எஃப்எஸ்ஸின் வேகமான செக்சம் கணக்கு ஒரே நாளில் அங்கே செயலிழந்தது. கோடில் ஒரு எழுத்தும் தப்பில்லை. உங்கள் உரிமம் ஒத்துப்போகவில்லை என்றால், தரைதளத்துக்காரர் எப்போது வேண்டுமானாலும் குழாயை மூடலாம்.

படி 2: மூலத்தைத் தொடாதீர்கள்

புதிதாக இறங்குபவர்கள் செய்யும் முதல் தவறு, மூலக்கோடைத் திறந்து ஆங்காங்கே ‘லினக்ஸ் என்றால் இப்படி, இல்லையென்றால் அப்படி’ என்று நிபந்தனைகளைச் செருகுவது. ஆறு மாதம் கழித்து மூலத்தில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வரும்போது உங்கள் பிரதியும் அதுவும் முகம் தெரியாத அளவுக்கு விலகியிருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல்லே இப்படி நிபந்தனைக் காடாகிப் போனதுதான் அதைப் பிரித்தெடுக்க ஒரு காரணம்.

லிப்ரெஎஸ்எஸ்எல் செய்தது வேறு. ஓப்பன்பிஎஸ்டி மரத்தில் இருக்கும் கோடு, ஓப்பன்பிஎஸ்டி மட்டுமே உலகம் என்பது போல் எழுதப்படுகிறது. போர்ட்டபிள் ரெப்போ தனி. அதில் பில்ட் கோப்புகளும், இல்லாத ஃபங்ஷன்களை நிரப்பும் ‘கம்பாட்’ அடைவும், சில பேட்சுகளும் (சின்னத் திருத்தங்களும்)தான் இருக்கும். ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினால் அது மூல மரத்திலிருந்து கோப்புகளை இழுத்துவந்து இவற்றோடு சேர்க்கும். ஓப்பன்பிஎஸ்டி குழுவின் இன்னொரு மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சும் பல வருடங்களாக இதே போல் இரண்டு பதிப்புகளாகத்தான் வருகிறது. உங்கள் பேட்ச் அடைவு வளர்ந்துகொண்டே போனால் எங்கோ தப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அங்கே இருந்தது, இங்கே இல்லை

இப்போது கம்பைல் செய்து பாருங்கள். வரும் பிழைகளே உங்கள் வேலைப் பட்டியல். ஓப்பன்பிஎஸ்டியிலிருந்து வந்த கோடு என்றால் முதலில் அடிபடுவது ஸ்டர்-எல்-காப்பி. 1998-ல் ஓப்பன்பிஎஸ்டி 2.4-ல் பிறந்த இந்தப் பாதுகாப்பான சரநகல் ஃபங்ஷன், மற்ற பிஎஸ்டிகள், சோலாரிஸ், மேக் என்று எல்லா இடத்துக்கும் போனது. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி மட்டும் பிடிவாதமாக மறுத்து, கடைசியில் 2023 ஆகஸ்டில் 2.38 பதிப்பில்தான் சேர்த்தது. அந்த இருபத்தைந்து வருடத்தில் எத்தனை ஆயிரம் ப்ராஜெக்டுகள் இதன் பிரதியைத் தங்கள் அடைவுக்குள் சுமந்தன என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

இல்லாத ஃபங்ஷனை எங்கிருந்து எடுப்பது? ஓப்பன்பிஎஸ்டியின் ஐஎஸ்சி கோப்பையே தலைக்குறிப்போடு அப்படியே எடுங்கள், அல்லது எம்ஐடி உரிமம் கொண்ட மஸ்ல் என்ற இன்னொரு சி லைப்ரரியில் பாருங்கள். ஜிலிப்சியிலிருந்து எடுத்தால் எல்ஜிபிஎல் (ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவம்) கூடவே வரும். இப்படிப்பட்ட மாற்று ஃபங்ஷன்களின் தொகுப்பான நியூலிபில் (gnulib) ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு உரிமம். சிலது எல்ஜிபிஎல், சிலது முழு ஜிபிஎல். படி 1-ல் போட்ட தாளில் இந்த வரிகளையும் சேருங்கள்.

இனி என் சனிக்கிழமைக் கதை. அந்த லைப்ரரி ரீஅலாக்அரே என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தியது. பெருக்கல் நிரம்பி வழிகிறதா என்று பார்த்து நினைவகம் தரும் இது, 2014-ல் ஓப்பன்பிஎஸ்டியில் வந்தது. ஜிலிப்சியில் 2017-ல் வந்தது. கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் என் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ‘இருக்கிறதா?’ என்று கேட்டது. ‘இருக்கிறது’ என்று லிங்கர் பதில் சொன்னது, அதனால் கம்பாட் பிரதி சேரவில்லை. ஆனால் அந்த ஜிலிப்சியின் ஹெடரில் அதன் அறிவிப்பு நியூ (GNU) நீட்சிகளுக்கான மேக்ரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. நான் கறாராக சி99 என்று கொடி போட்டிருந்ததால் மேக்ரோ இயங்கவில்லை. அறிவிப்பு கண்ணில் படாத கம்பைலர் பழைய வழக்கப்படி ‘இது இன்ட் தரும் போல’ என்று தானாக முடிவு செய்து ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டது. 64 பிட் முகவரியில் கீழ் 32 பிட் மட்டும் திரும்பி வந்தது.

என் கணினியில் ஏன் ஓடியது? அங்கே நிலையான முகவரியில் ஏற்றப்படும் பைனரி. ஹீப் தாழ்வான முகவரியில் இருந்ததால் வெட்டுப்பட்டதில் நஷ்டமில்லை. நண்பரின் கணினியில் பைனரி எங்கே வேண்டுமானாலும் ஏற்றப்படும் வகை. முகவரியின் மேல்பாதி போனதும் கதை முடிந்தது.

எனவே கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் ஃபங்ஷன் லிங்க் ஆகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், அறிவிப்பு தெரிகிறதா என்றும் கேளுங்கள். 2024-ல் வந்த ஜிசிசி 14-லிருந்து இந்த மறைமுக அறிவிப்பு நேரடிப் பிழையாகிவிட்டது. பழைய கம்பைலர் என்றால் அந்த எச்சரிக்கையை நீங்களே பிழையாக்கிக்கொள்ளுங்கள்.

ஹெடர்களுக்கு ஒரு நல்ல உத்தி உண்டு. சிஸ்டம் ஹெடரின் பெயரிலேயே உங்கள் கம்பாட் அடைவில் ஒரு ஹெடர் வையுங்கள். அது முதலில் ‘இதே பெயரில் அடுத்து இருப்பதைச் சேர்’ என்று உண்மையான ஹெடரை இழுத்துவிட்டு, பிறகு விட்டுப்போன அறிவிப்புகளைச் சேர்க்கும். மூலக்கோடுக்கு ஒன்றும் தெரியாது. லிப்ரெஎஸ்எஸ்எல் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது.

ஒரு எச்சரிக்கை. இல்லாத ஃபங்ஷனுக்குப் பதில் ‘வெற்றி’ என்று பூஜ்ஜியம் திருப்பும் பொம்மை வைப்பது சில இடங்களில் வேறு வழியில்லாமல் நடக்கும். ஓப்பன்பிஎஸ்டியின் ப்ளெட்ஜ் லினக்ஸில் இல்லாததால் லிப்ரெஎஸ்எஸ்எல்லும் அதைப் பூஜ்ஜியமாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் ப்ளெட்ஜ் என்பது ‘இனி இந்த ப்ராசஸ் இதற்கு மேல் எதையும் தொடாது’ என்ற உறுதிமொழி. பொம்மை வைத்த இடத்தில் அந்தக் காவல் இல்லை. உங்கள் ரீட்மீயில் அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

படி 4: ஹெடரில் எழுதாத வாக்குறுதிகள்

இங்கேதான் நேரத்தை அதிகம் செலவிட வேண்டும். எல்லா ஃபங்ஷனும் இருக்கிறது, எல்லாம் லிங்க் ஆகிறது, டெஸ்ட் பச்சை. ஆனாலும் தப்பு.

ரகசியச் சாவிகளுக்கு ரேண்டம் எண் வேண்டும். ஓப்பன்பிஎஸ்டியில் கெட்-என்ட்ரபி என்ற சிஸ்டம் கால் (கர்னலை நேரடியாகக் கேட்கும் அழைப்பு) இருக்கிறது. கோப்பு எதையும் திறக்க வேண்டியதில்லை. லினக்ஸில் 2014 ஜூலையில் இருந்தது யூரேண்டம் என்ற சாதனக் கோப்பு. கோப்பு என்றால் திறக்க வேண்டும். ப்ராசஸ், ஒரே ஒரு அடைவை மட்டும் பார்க்கவிடும் க்ரூட் சிறைக்குள் இருந்து அங்கே அந்தச் சாதனம் இல்லையென்றால்? ஒருவன் வேண்டுமென்றே எல்லாக் கோப்பு எண்களையும் தீர்த்துவிட்டால்? லிப்ரெஎஸ்எஸ்எல்காரர்கள் கடைசிப் புகலிடமாக, கடிகாரங்களையும் நினைவக முகவரிகளையும் வாரிக் கலந்து ஹேஷ் செய்யும் ஒரு ஃபங்ஷன் எழுதினார்கள். ப்ராசஸைக் கொன்றுவிடுவதா, முடிந்ததைச் செய்வதா என்று அலசி, லினக்ஸ் நம்பகமான வழி தரவில்லையே என்று புலம்பும் நீளமான குறிப்பும் அந்தக் கோப்பிலேயே இருக்கிறது. படித்துப் பாருங்கள், போர்ட் செய்பவனின் மனவேதனை அப்படியே தெரியும்.

அதற்குப் பலனும் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த லினக்ஸ் 3.17-ல் கெட்-ரேண்டம் என்ற சிஸ்டம் கால் சேர்ந்தது. லிப்ரெஎஸ்எஸ்எல் போர்ட்டபிள் நிரலாளர்கள் கேட்டதால் சேர்க்கிறோம் என்று கர்னலின் மாற்றக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஜூலை வாரங்களிலேயே இன்னொன்று. ஒரு ப்ராசஸ் ஃபோர்க் செய்தால், அதாவது தன்னைப் போல் இன்னொன்றை உருவாக்கினால், குழந்தை ப்ராசஸுக்குத் தாயின் நினைவகம் அப்படியே நகலாகும், ரேண்டம் உற்பத்தியின் நிலையும் சேர்த்து. கவனிக்காவிட்டால் தாயும் குழந்தையும் ஒரே ‘ரேண்டம்’ எண்களைத் தருவார்கள். முதல் போர்ட்டபிள் பதிப்பு, ப்ராசஸ் எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துப் புதிதாக விதைத்தது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆண்ட்ரூ ஏயர் என்ற நிரலாளர் அதை உடைத்துக் காட்டினார். தாத்தா ப்ராசஸ் ரேண்டம் எண் எடுக்கிறது, ஃபோர்க் செய்துவிட்டு முடிந்துபோகிறது. அதன் குழந்தை மீண்டும் மீண்டும் ஃபோர்க் செய்கிறது. லினக்ஸில் ப்ராசஸ் எண்கள் அப்போது வழக்கமாக 32,768-க்குள் சுற்றிச் சுற்றி வந்தன என்பதால், ஒரு கட்டத்தில் ஒரு பேரனுக்குத் தாத்தாவின் எண்ணே கிடைக்கிறது. எண் மாறவில்லை, எனவே விதைக்கவில்லை. பேரன் தாத்தாவின் அதே ‘ரேண்டம்’ எண்களைச் சொல்கிறான். சில நாட்களில் வந்த 2.0.2, ஃபோர்க் நடக்கும்போதே கூப்பிடச் சொல்லும் கொக்கியைப் போட்டு இதை அடைத்தது. 2017-ல் லினக்ஸ் 4.14, ஃபோர்க் ஆனதும் குறிப்பிட்ட நினைவகத்தை வெறுமையாக்கிக் கொடுக்கும் வசதியைச் சேர்த்தது.

இந்தப் படியில் நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு சிஸ்டம் காலையும் எடுத்து, அந்த ஊர் மேனுவல் பக்கத்தையும் இந்த ஊர் மேனுவல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எப்போது தோற்கும், ஃபோர்க்கில் என்ன ஆகும், த்ரெட்டுகளில் என்ன ஆகும், சிக்னல் வந்தால் என்ன ஆகும் என்ற நான்கு கேள்விகளையும் ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். நிகழ்வுகளுக்காகக் காத்திருக்க உதவும் பிஎஸ்டியின் கே-கியூவை லினக்ஸின் இ-போலாக மாற்றுகிறீர்கள் என்றால் இந்தக் கேள்விகளுக்கே தனி நோட்டுப் புத்தகம் தேவைப்படும்.

படி 5: கம்பைலரும் கடிகாரமும்

சாவியைப் பயன்படுத்தி முடித்ததும் நினைவகத்தை அழிப்பீர்கள். அழித்ததை அப்புறம் யாரும் படிக்கவில்லை என்று கண்ட கம்பைலர், அந்த அழிப்பையே வீண் வேலை என்று தூக்கிவிடும். எக்ஸ்ப்ளிசிட்-பிஜீரோ இதற்காகவே பிறந்தது. ஜிலிப்சியில் 2017-ல் 2.25 பதிப்பில் வந்தது. பழைய கணினிகளுக்கு எழுதும்போது, அழித்த பின் எதுவும் செய்யாத ஒரு ‘வீக்’ ஃபங்ஷனைக் கூப்பிட்டு, யாரோ படிக்கப் போகிறார்கள் என்று கம்பைலரை நம்பவைப்பது ஒரு வழி. செய்துவிட்டு, உருவான அசெம்ப்ளியைக் கண்ணால் பாருங்கள்.

கடிகாரம் எளிது. ஓப்பன்பிஎஸ்டி 2014-லேயே எல்லா வன்பொருளிலும் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டது. 32 பிட் லினக்ஸில் அப்போது 2038 ஜனவரி 19-க்கு மேல் நேரமே இல்லை. அதற்கு மேல் காலாவதியாகும் சான்றிதழ் வந்தால் என்ன செய்வீர்கள் என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள். லிப்ரெஎஸ்எஸ்எல்லின் கான்ஃபிகர் அங்கே ஒரு எச்சரிக்கை காட்டும்.

படி 6: பெயரும் பதிப்பு எண்ணும்

லிப்ரெஎஸ்எஸ்எல் பழைய பெயர்களையே வைத்துக்கொண்டது. அதனால் மற்ற நிரல்கள் மாறாமல் கம்பைல் ஆயின, நல்லதுதான். ஆனால் ஒரே ப்ராசஸுக்குள் ஒரு வழியாக இதுவும் இன்னொரு வழியாக ஓப்பன்எஸ்எஸ்எல்லும் ஏறினால் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள், யார் யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாது.

பதிப்பு எண்ணில் இன்னும் மோசம். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பதிப்பு மேக்ரோவுக்கு லிப்ரெஎஸ்எஸ்எல் ‘2’ என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்தது. 2016-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 வந்து ஸ்ட்ரக்சர்களை மூடிப் புதிய ஃபங்ஷன்களைத் தந்தது. உலகத்து நிரல்கள் எல்லாம் ‘பதிப்பு 1.1-க்கு மேல் என்றால் புதிய வழி’ என்று எழுதின. 2 என்பது 1.1-ஐ விடப் பெரியதுதானே. லிப்ரெஎஸ்எஸ்எல்லில் அந்தப் புதிய ஃபங்ஷன்கள் அப்போது இல்லை. நூற்றுக்கணக்கான ப்ராஜெக்டுகளில் ‘லிப்ரெஎஸ்எஸ்எல் என்றால் மட்டும் வேண்டாம்’ என்று ஒரு நிபந்தனை ஒட்டப்பட்டது. உங்கள் போர்ட்டுக்குத் தனி எண் மேக்ரோ வையுங்கள், பழைய மேக்ரோவில் நீங்கள் உண்மையில் தரும் வசதிகளுக்கு ஒத்த எண்ணையே சொல்லுங்கள்.

படி 7: யார் உங்களோடு லிங்க் ஆகப் போகிறார்கள்?

உரிமம் மீண்டும் வருகிறது, இந்த முறை மறுபக்கத்திலிருந்து. பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் உரிமத்தில் அந்த விளம்பர விதி இருந்தது. ஜிபிஎல் கூடுதல் நிபந்தனைகளை ஏற்காது. எனவே ஜிபிஎல் நிரல் அதோடு லிங்க் ஆகக்கூடாது. ஆனால் இயங்குதளத்தின் முக்கிய அங்கங்களுக்கு ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு விலக்கு தருகிறது. அந்த அங்கமே நிரலோடு சேர்ந்து வழங்கப்படாதவரை. வேடிக்கை என்னவென்றால், மூன்றாம் நபர் ஒருவர் ஜிபிஎல் நிரலைக் கொடுத்தால் விலக்கு பொருந்தும். இரண்டையும் சேர்த்தே கொடுக்கும் டெபியன் போன்ற விநியோகம் தன்னைத்தானே அந்த விலக்குக்கு வெளியே நிறுத்திக்கொள்ளும்.

உபுண்டுவிலோ டெபியனிலோ கர்ல் லைப்ரரியை நிறுவப்போய், நியூடிஎல்எஸ் (ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு மாற்றான லைப்ரரி) பதிப்பா ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பா என்று இரண்டு பொட்டலங்களைப் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்களா? இந்தச் சிக்கலின் தழும்பு அது.

ஓப்பன்எஸ்எஸ்எல் 2021 செப்டம்பரில் வந்த 3.0-லிருந்து அப்பாச்சி 2.0-க்கு மாறியது. இடையில் நானூறு பேர் அளவுக்குப் பங்களித்தவர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. ‘பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம்’ என்ற அதன் கடிதத்துக்கு ஓப்பன்பிஎஸ்டி பக்கமிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது; மௌனம் சம்மதம் என்பது கல்யாண வீட்டுக்குச் சரி, பதிப்புரிமைக்குச் சரியில்லை. அப்பாச்சி 2.0 ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு ஒத்துப்போகும், இரண்டாம் பதிப்பு மட்டும் என்பதோடு ஒத்துப்போகாது. ஓப்பன்பிஎஸ்டியின் கொள்கையும் அப்பாச்சி 2.0-ஐ ஏற்பதில்லை. அதனால் 3.0-ல் வந்த எதையும் லிப்ரெஎஸ்எஸ்எல் அப்படியே நகலெடுக்க முடியாது, தானாக எழுத வேண்டும்.

நான் வக்கீல் இல்லை. உங்கள் போர்ட் பணம் புரளும் இடத்துக்குப் போகிறது என்றால் வக்கீலிடம் கேளுங்கள். படி 1-ல் எழுதிய தாளை எடுத்துப் போனால் அவருடைய வேலையும் உங்கள் செலவும் குறையும்.

படி 8: வெளியிட்ட மறுநாள்

ஆல்பைன் என்ற லினக்ஸ் விநியோகம் 2016 டிசம்பரில் லிப்ரெஎஸ்எஸ்எல்லுக்கு மாறி, 2019 ஜனவரியில் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கே திரும்பியது. வாய்ட் லினக்ஸ் 2014-ல் மாறி, 2021-ல் திரும்பியது. ஜென்டூவும் 2021-ல் ஆதரவை நிறுத்தியது. பைத்தான் 3.10 ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 தான் வேண்டும் என்றது. லிப்ரெஎஸ்எஸ்எல்லின் கோடு மோசம் என்பதால் இவை நடக்கவில்லை. ஒவ்வொரு வெளியீட்டிலும் பேட்ச் ஒட்டிக்கொண்டிருந்த பராமரிப்பாளர்களின் கை ஓய்ந்துபோனது. மேக்கில் அது இன்றும் சிஸ்டத்தோடு வருகிறது, ஓப்பன்பிஎஸ்டியில் சொல்லவே வேண்டாம்.

எனவே வெளியிடும் முன்பே வாராந்திரத் தானியங்கி பில்ட் ஒன்றை அமைத்துவிடுங்கள்: ஜிலிப்சி ஒன்று, மஸ்ல் ஒன்று, 32 பிட் ஒன்று, கியூஎமு எமுலேட்டரில் பிக்-எண்டியன் (பைட்டுகளை எதிர்வரிசையில் வைக்கும் கணினி) ஒன்று. ஆர்ம் லினக்ஸில் ‘கேர்’ (எழுத்துக்கான தரவு வகை, char) எதிர்க்குறி எண்களை ஏற்காத வகை என்பதால் அதையும் சேருங்கள். மூலத்தின் டெஸ்ட்டுகளையும் இழுத்துவந்து ஓட்டுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பாட் அடைவைத் திறந்து பாருங்கள். 2022-ல் ஜிலிப்சி 2.36-ல் ரேண்டம் எண் தரும் ஆர்க்4ரேண்டம் வந்தது, அடுத்த வருடம் ஸ்டர்-எல்-காப்பி. நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய விநியோகம் அந்தப் பதிப்பைத் தாண்டியதும் அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள், தாளிலிருந்து அதன் உரிம வரியையும் அடித்துவிடுங்கள். நீக்கும் முன், அறிவிப்பு ஹெடரில் உண்மையில் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.